வெள்ளாற்றுக் கீழ்ப்படுகை: நீர் வகுத்த பாதையும் வரலாற்றுத் தலங்களும்

வடதமிழ்நாட்டின் கடலோரச் சமவெளியைப் பற்றிய சுற்றுலாக் கையேடுகள் சிதம்பரம், கங்கைகொண்ட சோழபுரம், ஸ்ரீமுஷ்ணம் போன்ற ஊர்களை வரலாற்றுத் தலங்கள் என்ற தலைப்பிலும், வீராணம் ஏரி, பிச்சாவரம் அலையாத்திக் காடு ஆகியவற்றை இயற்கை எழில் மிக்க இடங்கள் என்ற தலைப்பிலும் பிரித்து வைப்பது வழக்கம். பட்டியலிடுவதற்கு இப்பகுப்பு வசதியாக இருந்தாலும், வெள்ளாற்றின் கீழ்ப்படுகையைப் பொறுத்தவரை அது உண்மை நிலையை மறைத்துவிடுகிறது. ஏனெனில் இங்கே இயற்கை என்று சொல்லப்படும் ஏரி மனிதர் கரை எழுப்பி உருவாக்கியது, காடு ஒரு நூற்றாண்டுக் கால வனத்துறை நடவடிக்கைகளால் உருமாறியது, கோயில்களோ பாசன நீர் தந்த விளைச்சலின் மேல் எழுந்தவை. மலையிலிருந்து கடல்வரை நீர் செல்லும் வழியைப் பின்பற்றிச் சென்றால் மட்டுமே இத்தலங்களுக்கு இடையிலான உறவு விளங்கும் என்பதையும், அவ்வழியை ஒரு நடைப்பயணப் பாதையாக அமைப்பதற்கு ஏற்ற நடுவிடம் சேத்தியாத்தோப்பு என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சேத்தியாத்தோப்பு: வழிகள் கூடும் இடம்

வெள்ளாற்றின் கரையில் அமைந்த சேத்தியாத்தோப்பு, விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையும் விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையும் சந்திக்கும் பேரூராட்சியாகும். வடக்கே நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும் வடலூரும், தெற்கே வீராணமும் காட்டுமன்னார்கோயிலும், மேற்கே ஸ்ரீமுஷ்ணமும் விருத்தாசலமும், கிழக்கே புவனகிரியும் சிதம்பரமும் அதற்கப்பால் கடலும் இருக்க, நெல்லும் கரும்பும் விளையும் வயல்களுக்கு நடுவில் இவ்வூர் நிற்கிறது. பேருந்துக்காகக் காத்திருக்கும் சந்திப்பாகவும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குப் பேர்பெற்ற ஊராகவும் மட்டுமே பயணிகள் இதனை அறிந்திருக்கிறார்கள் என்றாலும், படுகையின் நீரமைப்பைக் கற்க விரும்புவோருக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கப் புள்ளி அமைவது அரிது.

கரீபியன் தீவு ஒன்றின் முன்மாதிரி

இயற்கைப் பாதையையும் வரலாற்றுத் தலங்களையும் ஒரே நடையில் இணைக்கும் முறைக்கு, கரீபியன் கடலில் உள்ள செயின்ட் ஜான் தீவு நல்ல எடுத்துக்காட்டாகும். 1956இல் தேசியப் பூங்கா அமைக்கப்பட்ட அத்தீவில், ரீஃப் பே பாதை என்றழைக்கப்படும் சுமார் 3.5 கி.மீ. நடைபாதை, தீவின் நடுமேட்டிலிருந்து காட்டினூடே இறங்கிக் கடற்கரையை அடைகிறது. வழியில், தீவின் தொல்குடிகளான தைனோ மக்கள் நன்னீர்க் குளத்தோரப் பாறைகளில் செதுக்கிய உருவங்களையும், பாதையின் முடிவில் நீராவி எந்திரத்தோடு சிதைந்து நிற்கும் சர்க்கரை ஆலையையும் நடப்பவர் காண்கிறார். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பால் கரும்புத் தோட்டமாக மாற்றப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டு, மீண்டும் காடாக வளர்ந்த நிலம் அது என்பதால், அங்கே ஒரு மரத்தைப் பார்ப்பதும் அத்தீவின் வரலாற்றைப் படிப்பதும் ஒரே செயலாகிவிடுகின்றன.

செயின்ட் ஜான் 1718 முதல் 1917 வரை டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது. அதே நாட்டினர்தான் 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியை வைத்திருந்தனர், வெள்ளாற்று முகத்துவாரத்தில் உள்ள பரங்கிப்பேட்டையிலும் வணிகம் செய்தனர். ஒரே கடல் வணிகக் காலம் இரு கரைகளிலும் தடம் பதித்திருக்க, அங்கே அத்தடங்கள் ஒரு நடைபாதையால் இணைக்கப்பட்டுள்ளன. இங்கே அவை தனித்தனியே கிடக்கின்றன. செயின்ட் ஜான் பாதையைப் போல வெள்ளாற்று வழியை ஒரே நாளில் நடந்து முடிக்க இயலாது என்றாலும், மேட்டிலிருந்து கடலுக்கு நீரோடு இறங்குதல் என்ற அதன் அடிப்படை இங்கும் பொருந்தும்.

அணைக்கட்டும் ஏரிக்கரையும்

கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்து இறங்கும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் கூடி வெள்ளாறாகின்றன. விருத்தாசலத்தைக் கடந்து வரும் மணிமுத்தாறு, சுந்தரரின் பாடல் பெற்ற திருக்கூடலையாற்றூரில் அதனோடு சேர்கிறது. மழைக்காலத்தில் பெருக்கெடுத்துக் கோடையில் மணலாகிவிடும் இந்த ஆற்றின் நீரை வயலுக்குத் திருப்ப, தொழுதூர், பெலாந்துறை, சேத்தியாத்தோப்பு என்று மேலிருந்து கீழாக அணைக்கட்டுகள் அமைக்கப்பட்டுள்ளன. அணைக்கட்டு என்பது ஆற்றின் குறுக்கே தாழ்வாக எழுப்பப்படும் தடுப்பாகும்; பெருமளவு நீரைத் தேக்கிவைப்பது அதன் நோக்கமன்று, வாய்க்காலுக்குள் நீர் தானாகவே பாயும் அளவுக்கு ஆற்றின் மட்டத்தை உயர்த்துவதும், மிகுதி வெள்ளத்தைத் தலைமேல் வழியவிட்டுக் கடலுக்கு அனுப்புவதுமே அதன் பணி. 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட சேத்தியாத்தோப்பு அணைக்கட்டிலிருந்து பிரியும் வெள்ளாற்று ராஜன் வாய்க்கால், புவனகிரிப் பக்கத்து வயல்களுக்கு நீர் கொண்டுசெல்கிறது.

அணைக்கட்டுக்குத் தெற்கே சிறிது தொலைவிலேயே வீராணம் ஏரியின் வடமுனை தொடங்குகிறது. முதலாம் பராந்தக சோழனின் (ஆட்சி 907–955) காலத்தில் உருவாகி, அவனது வீரநாராயணன் என்ற விருதுப்பெயரைத் தாங்கிய இந்த ஏரியை, வடஎல்லையைக் காக்கப் படையோடு தங்கியிருந்த இளவரசன் இராசாதித்தன் தன் வீரர்களைக் கொண்டு வெட்டுவித்தான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மேற்கிலிருந்து கிழக்காகச் சரியும் நிலத்தில், சரிவுக்குக் குறுக்கே வடக்கு தெற்காகச் சுமார் 16 கி.மீ. நீளத்துக்கு மண்கரை எழுப்பி நீரைத் தடுத்த இவ்வேலையின் நுட்பம், கரையின் மேல் நின்று இரு புறமும் பார்ப்போருக்கு உடனே புலப்படும்: ஒரு பக்கம் நீர்மட்டம் உயர்ந்தும், மறுபக்கம் வயல்கள் தாழ்ந்தும் இருக்கின்றன. ஏரியிலிருந்து பாசனத்துக்கு நீர் திறக்கும் வாயிலுக்கு மதகு என்றும், கொள்ளளவை மீறிய நீர் கரையை உடைக்காமல் வெளியேற அமைக்கப்படும் வழிக்குக் கலிங்கு என்றும் பெயர். முழுக் கொள்ளளவில் சுமார் 1,465 மில்லியன் கன அடி நீரைத் தேக்கும் வீராணம், மதகுகள் வழியாகச் சுமார் 45,000 ஏக்கருக்குப் பாசனம் தருகிறது.

இந்த ஏரிக்கு வரும் நீர், அண்டையில் பெய்யும் மழையை மட்டும் நம்பியதன்று; செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை ஆகியவை மேற்கிலிருந்து மழைநீரைக் கொணர்கின்றன என்றாலும், கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கீழணையிலிருந்து வடவாறு வழியாக வரும் காவிரி நீரே அதன் முதன்மை ஆதாரம். மிகுதி நீர் லால்பேட்டை அருகே வெள்ளியங்கால் ஓடை வழியாகவும், வடமுனையில் பூதங்குடிப் பக்கத்து மதகு வழியாக வெள்ளாற்றுக்கும் வெளியேறுகிறது. காவிரிப் படுகையும் வெள்ளாற்றுப் படுகையும் இவ்வாறு ஏரியொன்றால் இணைக்கப்பட்டிருப்பதும், அந்த இணைப்பு முடியும் இடத்தில் சேத்தியாத்தோப்பு நிற்பதும் இப்பாதையின் முதல் பாடமாக அமையத் தக்கவை. 2004இல் நிறைவேறிய புதிய வீராணம் திட்டத்தின்கீழ் இதே நீர் நெய்வேலிக்கு அருகே வடக்குத்தில் சுத்திகரிக்கப்பட்டு, 200 கி.மீ.க்கும் மேற்பட்ட குழாய் வழியே சென்னை வரை செல்வதால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மண்கரை ஒன்று இன்றைய பெருநகரின் குடிநீருக்கும் பொறுப்பேற்றிருக்கிறது.

1950இல் தொடராக வெளிவரத் தொடங்கிய கல்கியின் பொன்னியின் செல்வன் புதினத்தில், கதைநாயகன் வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு நாளில் குதிரையேறி வருவது இக்கரையின் மேல்தான் என்பதால், பல தலைமுறை வாசகர்களுக்கு இவ்விடம் ஏற்கெனவே அறிமுகமானது. சேத்தியாத்தோப்பிலிருந்து லால்பேட்டை வழியாகக் காட்டுமன்னார்கோயில் செல்லும் கரைச் சாலையே, நடப்பதற்கும் மிதிவண்டியில் செல்வதற்கும் உரிய முதல் பகுதி; வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய மாதங்களில் நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் கொக்குகளும் மிகுந்திருக்கும் அக்காலமே இங்கு வருவதற்கு ஏற்றது.

கல்வெட்டும் தேர்க்கோயிலும்

ஏரியின் தென்முனையில் உள்ள காட்டுமன்னார்கோயில், நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகளும் அவருடைய பேரரான ஆளவந்தாரும் பிறந்த ஊர். ஏரியின் பெயரையே தாங்கிய வீரநாராயணப் பெருமாள் கோயிலில் தொடங்கிய அத்தொகுப்புப் பணி, வைணவ மரபின் போக்கையே நிர்ணயித்தது. புதிய பாசனத்தின் கீழ் வளங்கொழித்த பிராமணர் குடியிருப்பாகிய சதுர்வேதிமங்கலம் ஒன்று இங்கு அமைந்திருந்ததும், கல்விக்கும் தொகுப்புப் பணிக்கும் வேண்டிய ஓய்வை நெல் விளைச்சல் தந்ததும் சேர்த்து எண்ணத்தக்கவை.

இதே ஊரின் உடையார்குடிப் பகுதியில் உள்ள அனந்தீசுவரர் கோயிலில், முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. இராசராசனின் தமையனான ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக இரவிதாசன், சோமன், பரமேசுவரன் ஆகியோரைச் சுட்டி, அவர்களுடைய உறவினரின் நிலங்கள் பறிமுதல் செய்யப்பட்டதைக் கூறும் இக்கல்வெட்டு, சோழ வரலாற்றில் மிகுதியாக விவாதிக்கப்பட்ட ஆவணங்களுள் ஒன்று. ஓர் அரசியல் கொலையின் தண்டனை வீராணத்துப் பாசன நிலங்களின் கைமாற்றமாக இங்கே பதிவாகியிருப்பது, அக்காலத்தில் அதிகாரமும் நிலமும் எவ்வளவு நெருங்கிப் பின்னியிருந்தன என்பதைக் காட்டுகிறது.

காட்டுமன்னார்கோயிலுக்கு அருகில் உள்ள மேலக்கடம்பூர் அமிர்தகடேசுவரர் கோயில், முதலாம் குலோத்துங்கன் (ஆட்சி 1070–1120) காலத்தில் கல்லால் எடுக்கப்பட்டதாகும். கருவறையின் அடிப்பகுதியில் சக்கரங்களும் இழுக்கும் குதிரைகளும் செதுக்கப்பட்டு முழுக் கட்டடமுமே தேர்போல் அமைந்துள்ளது. இவ்வடிவம் கரக்கோயில் எனப்படும். கிழக்கு இந்தியாவின் பாலர் பாணியில் வார்க்கப்பட்ட, காளையின் மேல் பல கைகளுடன் நடனமாடும் சிவனின் செப்புத் திருமேனி ஒன்று இக்கோயிலுக்கு உரியதாக இருப்பது, சோழநாட்டுக்கும் வங்கத்துக்கும் இருந்த தொடர்பின் சான்றாக மதிக்கப்படுகிறது.

வெற்றித்தூணாகிய ஏரி

நெடுஞ்சாலையில் மேலும் தெற்கே சென்றால் கங்கைகொண்ட சோழபுரம் வருகிறது. முதலாம் இராசேந்திரன் (ஆட்சி 1014–1044) தன் கங்கைப் படையெடுப்பின் வெற்றியைக் குறிக்க அமைத்த இத்தலைநகரின் பெருங்கோயில், சுமார் 55 மீட்டர் உயர விமானத்தோடு எழுந்து, 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. கோயில் அளவுக்குப் பார்வையாளர் கவனத்தைப் பெறாத சின்னம் ஒன்று அதற்கு அருகிலேயே இருக்கிறது: சோழகங்கம் என்று பெயரிடப்பட்டு இன்று பொன்னேரி என வழங்கும் ஏரி. கங்கை நீரைக் கொண்டுவந்து ஊற்றியதாகச் சொல்லப்படும் இந்த ஏரியை, நீராலாகிய வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது. அதன் கரை 16 மைல் நீளம் கொண்டிருந்ததாக 19ஆம் நூற்றாண்டு விவரச்சுவடி (கெசட்டியர்) ஒன்று பதிவு செய்துள்ளது. பின்னர் கரை சிதைந்து, ஏரியின் பெரும்பகுதி நிலமாகிவிட்டது. மாளிகைமேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகள் அரண்மனையின் செங்கல் அடித்தளங்களை வெளிக்கொணர்ந்துள்ளன.

கங்கைகொண்ட சோழபுரக் கோயிலின் மதில் இன்று முழுமையாக இல்லாததற்கும் வீராணத்தில் நீர் நிற்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டியபோது, கோயிலின் சுற்றுமதில் இடிக்கப்பட்டு அதன் கற்கள் அணை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஊர் மக்கள் அதை எதிர்த்ததும், இடித்த கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித்தருவதாகச் சொல்லப்பட்டதும், அவ்வாக்கு முழுமையாக நிறைவேறாததும் அக்கால ஆங்கிலப் பதிவிலேயே உள்ளன. கீழணையைக் கடக்கும் பயணி, சோழர் செதுக்கிய கல்லின் ஒரு பகுதி ஆற்றுக்கடியில் இருந்தவாறே சோழர் வெட்டிய ஏரிக்கு நீரைத் திருப்பிவிடுகிறது என்பதை அறிந்து கடக்க வேண்டும். இழப்பையும் பயனையும் ஒருசேர எடைபோடக் கற்றுத்தரும் இத்தகைய இடங்கள் தமிழகத்தில் அதிகம் இல்லை.

கழிமுகம்: துறைமுகமும் அலையாத்திக் காடும்

சேத்தியாத்தோப்பிலிருந்து கிழக்கு நோக்கிய கிளை, வெள்ளாற்றோடு புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டையை அடைகிறது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்து, அவர்களுக்குப் பின் டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர் வணிகம் செய்த இத்துறைமுகம், கடலோடிகளான மரைக்காயர் சமூகத்தின் பழைய இருப்பிடமும் ஆகும். 1781 ஜூலை 1ஆம் நாள் ஐதர் அலியின் படையும் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படையும் இங்கே மோதின; ஐதர் பின்வாங்கிய இப்போர், இரண்டாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயருக்குப் பெரும் பிடிப்பைத் தந்தது. 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் இங்கே நிறுவிய இரும்பாலை, சேலம் பகுதித் தாதுவை மரக்கரி கொண்டு உருக்கியது. எரிபொருளுக்காகக் காடுகளை விழுங்கிய அவ்வாலை நெடுங்காலம் நிலைக்கவில்லை. நிலக்கரி கிட்டாததால் மரக்கரியை நம்பிய ஆலை நின்றுபோன அதே வட்டாரத்தில், பல பத்தாண்டுகளுக்குப் பின் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி கண்டறியப்பட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையமும் இவ்வூரில்தான் இயங்குகிறது.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகத்தில், சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில், சிற்றோடைகளால் பிரிக்கப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட திட்டுகளாகப் பரவியுள்ளது பிச்சாவரம். கழிமுகம் என்பது ஆற்றின் நன்னீரும் கடலின் உப்புநீரும் ஏற்றவற்றத்தோடு கலக்கும் இடம். அலையாத்திக் காடு என்பது அக்கலப்பு நீரில் வேரூன்றி, மூச்சு வேர்களாலும் முட்டுவேர்களாலும் சேற்றில் நிலைக்கும் தாவரத் தொகுதி. படகில் செல்வோர், ஓடையின் விளிம்பில் வளைந்த முட்டுவேர்களோடு நிற்கும் சுரபுன்னையையும், அதற்குப் பின்னால் சேற்றிலிருந்து குச்சிகளாக நீட்டிய மூச்சு வேர்கள் கொண்ட வெண்கண்டலையும், பால் வடியும் தில்லை மரத்தையும் வரிசையாகக் காணலாம். இத்தில்லை மரம் சூழ்ந்திருந்த காட்டிடையேதான் சிதம்பரம் தோன்றியது என்பது தலபுராண மரபு.

இக்காட்டின் அண்மைக்கால வரலாறு ஒரு மீட்சியின் வரலாறு. காலனி ஆட்சிக் காலத்தில் தொடங்கி 1970கள்வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சுழற்சி முறையில் மரங்களை முற்றாக வெட்டும் நடைமுறை இருந்தது. மரம் இழந்த சேறு வெயிலில் உலர்ந்து நடுவில் பள்ளமாகியது. பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் ஆவியாகி உப்பு மிகுந்ததால், புதிய நாற்றுகள் முளைக்க வழியில்லாமல் போயிற்று. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் இணைந்து, மீனின் நடுமுள்ளும் பக்கமுள்ளும் போன்ற அமைப்பில் வாய்க்கால்கள் வெட்டி, ஏற்றவற்ற நீர் உள்ளே வந்து வெளியேற வழிசெய்த பின்னரே, அப்பகுதிகளில் நட்ட கன்றுகள் பிழைத்தன. வயலுக்கு வாய்க்கால் வெட்டிய நாட்டின் அறிவு காட்டுக்கும் பயன்பட்டது என்று இதைக் கொள்ளலாம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையின்போது இக்காட்டின் பின்புறத்தில் இருந்த குடியிருப்புகள் குறைந்த சேதமே அடைந்தன என்று கடலூர் மாவட்டத்தை ஆராய்ந்த அறிஞர்கள் 2005இல் சயன்ஸ் இதழில் எழுதினர். நிலத்தின் உயரமும் கடலிலிருந்து உள்ள தொலைவுமே முதன்மைக் காரணங்கள் என்று வேறு சிலர் மறுத்தனர். அவ்விவாதம் எவ்வாறு முடிந்தாலும், மீன்வளத்துக்கும் கரைக்கும் காடு அரண் என்பதில் கருத்து வேறுபாடில்லை. 2022இல் பிச்சாவரம் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகச் சேர்க்கப்பட்டது.

மேட்டுநிலத்திலிருந்து இக்கடற்கரைக்கு வரும் பாதை ஒன்று மரபிலேயே உண்டு. நாயக்கர் காலத் தூண் மண்டபத்துக்குப் பேர்பெற்ற ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள், ஆண்டுதோறும் மாசிமகத்தில் பிச்சாவரத்தை அடுத்த கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்காக எழுந்தருளுகிறார். கிள்ளையில் இசுலாமியர்கள் பெருமாளுக்கு மரியாதை செய்து வரவேற்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

நெய்வேலி: நிலத்தடி நீரின் கதை

வடக்குக் கிளை நெய்வேலியை நோக்கியது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிவந்த கரிய பொருளே பழுப்பு நிலக்கரி இங்குள்ளது என்பதற்கு முதல் தடயம். 1956இல் அதை எடுப்பதற்கான மத்திய அரசு நிறுவனம் அமைந்து, 1957இல் சுரங்கப் பணி தொடங்கி, 1961இல் நிலக்கரி எடுக்கப்பட்டது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் அடர்ந்திருந்த சதுப்புக் காடுகளின் மரங்கள் மண்ணுள் புதைந்து மாறியதே இக்கரி என்பதால், பிச்சாவரத்தைக் கண்டவர் நெய்வேலிச் சுரங்கத்தைக் காணும்போது, நீரும் சேறும் மரமும் சேர்ந்த நிலத்தின் இன்றைய நிலையையும் தொல்நிலையையும் ஒப்பிட்டறிய முடியும்.

நிலக்கரிப் படுகைக்கு அடியில் மிகுந்த அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருப்பதால், அதை இடைவிடாது இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பிளந்துவிடும். அவ்வாறு வெளியேற்றப்படும் நீர் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆகியவற்றை அடைந்து பாசனத்துக்குப் பயன்படுகிறது. மறுபுறம், சுரங்க விரிவாக்கம் வயல்களை நெருங்கியுள்ளது. 2023 ஜூலையில், பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்காகச் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிர் எந்திரங்களால் அழிக்கப்பட்டது மாநிலம் முழுவதும் எதிர்ப்பை எழுப்பியது. இப்படுகையில் ஆற்றின் போக்கை மாற்றுவது புதிதன்று. ஆனால் பராந்தகன் காலத்திலிருந்து நடந்த மாற்றங்கள் பெரும்பாலும் வயலுக்கு நீர் சேர்ப்பதற்காக நடந்தவை, இம்மாற்றமோ வயலையே விலையாகக் கேட்கிறது. பாதையில் வருவோர் இதையும் கண்டறிய வேண்டும். இதை விட்டுவிட்டுச் சோழர் பெருமையை மட்டும் காட்டும் வழிகாட்டல் முழுமை பெறாது.

பாதையை அமைக்கும் முறை

இத்தலங்கள் பிரிந்து தோன்றுவதற்கு நிர்வாகமும் ஒரு காரணம். பெருங்கோயில்கள் தொல்லியல் துறையின் பொறுப்பிலும், வழிபாட்டுக் கோயில்கள் பல அறநிலையத் துறையிடமும், ஏரியும் அணைக்கட்டும் நீர்வளத் துறையிடமும், அலையாத்திக் காடு வனத்துறையிடமும், சுரங்கம் மத்திய அரசு நிறுவனத்திடமும் உள்ளதால், ஒவ்வோர் இடத்திலும் உள்ள அறிவிப்புப் பலகை அந்த இடத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மதகருகே அதன் வயதையும் பாசனப் பரப்பையும், அனந்தீசுவரத்தில் கல்வெட்டின் பொருளையும், கீழணையில் கல் வந்த வரலாற்றையும், பிச்சாவரப் படகுத்துறையில் வாய்க்கால் மீட்பின் முறையையும் தமிழில் எழுதி, ஒவ்வொன்றும் அடுத்ததைச் சுட்டுமாறு அமைத்தால், புதிய கட்டடம் எதுவும் இன்றியே பாதை உருவாகிவிடும். கரையின் மேல் ஒரு நாள், கங்கைகொண்ட சோழபுரமும் கீழணையும் ஒரு நாள், பரங்கிப்பேட்டையும் பிச்சாவரமும் ஒரு நாள், நெய்வேலியும் வாலாஜா ஏரியும் ஒரு நாள் என நான்கு பகுதிகளாக, ஏரி நிறைந்திருக்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலத்தில் இதனை மேற்கொள்ளலாம். மதகை இயக்கும் பணியாளரும், ஏரியில் மீன்பிடிப்போரும், கிள்ளைப் படகோட்டிகளும், சேத்தியாத்தோப்புப் பள்ளிகளின் மாணவரும் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றால் வருவாயும் அறிவும் உள்ளூரிலேயே தங்கும்.

கோயில் இடிந்தால் அதன் இழப்பு எல்லோர் கண்ணிலும் படுகிறது. ஏரியில் வண்டல் படிந்து கொள்ளளவு குறைவதும், ஓடையில் நன்னீர் வரத்து குறைந்து காட்டில் உப்பு ஏறுவதும் பல ஆண்டுகள் கழித்தே தெரியவருகின்றன. ஆதலால் இப்படுகையின் பாரம்பரியத்தைக் காப்பது என்பது, தூர் வாருவதையும் கரையைப் பலப்படுத்துவதையும் கழிமுகத்துக்கு நன்னீர் விடுவதையும் கோபுரத் திருப்பணிக்கு நிகரான கடமையாக ஏற்பதே ஆகும். நீர்வழியைக் கால்நடையாகப் பின்தொடர்ந்தவர்கள் பெருகும் அளவுக்கே அக்கடமையை வலியுறுத்தும் குரல்களும் பெருகும்.